‘பைத்தான் ஸ்லோவாமே?’: தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நிரலெழுதச் சொல்லிக்கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “சார், பைத்தான் ஸ்லோவாமே?”

அந்த ‘ஆமே’தான் என்னை உறுத்தும். தமிழில் இது ஓர் அருமையான விகுதி. நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன் என்பதை இரண்டே அசையில் சொல்லிவிடும். பிரச்சினை என்னவென்றால், நாலு முறை திருப்பிச் சொன்னதும் அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. ‘ஸ்லோவாம்’ என்று கேட்டவர் அடுத்த மாதம் ‘ஸ்லோ’ என்று அடித்துச் சொல்கிறார். இரண்டு வருடம் கழித்து ஒரு டீமில் உட்கார்ந்து, எந்த மொழியில் எழுதலாம் என்று முடிவெடுக்கிறார். கேள்விப்பட்ட சேதி ஒன்று மொத்த டீமின் வேலையாகிவிடுகிறது. அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே மெதுவு என்று கேட்காமல் விடுவது

பைத்தான் மெதுவானது என்பது பொய்யல்ல. ஒரு கோடி முறை சுற்றும் லூப் ஒன்றை வெறும் பைத்தானில் எழுதிப் பாருங்கள், அதையே சி மொழியிலும் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் அதே கணக்கை, கணக்குகளுக்கென்றே எழுதி வைத்த ‘நம்பை’ என்ற நிரல் தொகுப்பு வழியாகச் செய்தால், பைத்தான் உத்தரவு மட்டும்தான் போடுகிறது. கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் சி நிரல். ஒரு கடைக்கான பில்லிங் மென்பொருளில் கதையே வேறு. அங்கே நேரத்தில் பெரும்பகுதி டேட்டாபேஸிலிருந்து பதில் வருவதற்காகக் காத்திருப்பதில் போய்விடும். அந்த இடத்தில் மொழியை மாற்றுவதைவிட, டேட்டாபேஸில் சரியான இண்டெக்ஸ் ஒன்றை (புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றது) போடுவது பத்து நிமிட வேலை, பலனும் பெரிது.

ஒப்பீட்டு அட்டவணைகளைக் காட்டிப் பேசுபவர்களும் உண்டு. 2017ல் போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 27 மொழிகளின் மின்சக்திச் செலவை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் சி மொழியை 1 என்று வைத்தால் பைத்தான் 75.88. இந்த ஒற்றை எண் இன்றும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே அட்டவணையில் கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் 4.45, டைப்ஸ்கிரிப்ட் 21.50 என்று இருக்கும். டைப்ஸ்கிரிப்ட் என்பது வகைக் குறிப்புகளை (ஒரு மதிப்பு எண்ணா எழுத்தா என்று சொல்பவை) நீக்கினால் ஜாவாஸ்கிரிப்ட்தான். ஓடும்போது ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட்டே. பிறகு எப்படி ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம்? அந்த எண்கள் மொழியோடு சேர்த்து, அந்தந்த மொழியில் யாரோ எழுதிக் கொடுத்த சோதனை நிரல்களையும் அளந்திருக்கின்றன. இது அந்த ஆய்வைக் குறை சொல்வதற்காக அல்ல, உழைப்பு நிறைந்த ஆய்வு அது. ஆனால் அட்டவணையின் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்துப் பேசினால் இந்த விவரம் நம் கண்ணில் படவே படாது.

பிய்த்தெடுப்பதற்கு இன்னொரு பிரபலமான பலி, கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1974ல் எழுதிய வாக்கியம். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டப் பார்ப்பதே எல்லாத் தீமைக்கும் வேர் என்று அவர் சொன்னதாக எல்லாருக்கும் தெரியும். சுமார் 97 சதவீத இடங்களில் சின்னச் சின்னச் சிக்கனங்களை மறந்துவிடுங்கள் என்பதுதான் அவர் பேச்சு. மீதி 3 சதவீத முக்கியமான இடங்களில் வாய்ப்பை விட்டுவிடக் கூடாது என்று அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாம் வரியை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பெரிய நிறுவனத்தின் முடிவை நம் முடிவாக எடுத்துக்கொள்வது

நான் பார்த்த தவறுகளிலேயே அதிகச் செலவு வைப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2020 பிப்ரவரியில், அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்டு நிறுவனம் தன் சேவை ஒன்றைக் ‘கோ’ என்ற நிரல் மொழியிலிருந்து ‘ரஸ்ட்’ என்ற மொழிக்கு மாற்றியதாக எழுதியது. உடனே ‘கோ சரிப்படாது, ரஸ்ட்தான்’ என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் எழுதியதை முழுக்கப் படித்தவர்களுக்கு வேறு விஷயம் தெரியும். எந்தப் பயனர் எந்தச் செய்தி வரை படித்திருக்கிறார் என்று நினைவில் வைக்கும் சேவை அது. கோடிக்கணக்கான பதிவுகளை நினைவகத்திலேயே வைத்திருந்தது. கோ மொழியின் கார்பேஜ் கலெக்டர் குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது கட்டாயம் ஓடும். பயன்படாத நினைவகத்தைத் தேடி எடுப்பது அதன் வேலை. பெருக்க வேண்டிய குப்பை அங்கே அதிகம் இல்லை. ஆனாலும் அது இல்லை என்று தெரிந்துகொள்ள அத்தனை பதிவுகளையும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சேவை திணறியது. ரஸ்ட்டில் கார்பேஜ் கலெக்டரே கிடையாது என்பதால் அந்தத் திணறல் போய்விட்டது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். நாம் எழுதும் மென்பொருளில் கோடிக்கணக்கான பதிவுகள் எப்போதும் நினைவகத்தில் நிற்கின்றனவா? இல்லை என்றால் அவர்களுடைய நோய் நமக்கு இல்லை. அவர்களுடைய மருந்தும் வேண்டாம். டிஸ்கார்டே மற்ற இடங்களில் பைத்தானையும் எலிக்ஸிர் என்ற மொழியையும் தொடர்ந்து பயன்படுத்தியது.

2023ல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு டீம், சிறு சிறு சேவைகளாகப் பிரித்து வைத்திருந்த அமைப்பை ஒன்றாகச் சேர்த்ததால் செலவு 90 சதவீதம் குறைந்தது என்று எழுதியது. ‘மைக்ரோசர்வீஸ் (அப்படிப் பிரித்து வைக்கும் முறை) செத்துவிட்டது, அமேசானே கைவிட்டுவிட்டது’ என்று ஊரெல்லாம் பேச்சு. கைவிட்டது ஒரு டீம். வீடியோவிலும் ஆடியோவிலும் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி ஒன்றின் டீம். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு வீடியோவின் ஃப்ரேம்களை வெளிச் சேமிப்பகத்தில் போட்டு எடுத்தது ஒரு பெரிய செலவாக இருந்தது. ஒரே இடத்தில் ஓடவிட்டதும் அது மிச்சமானது.

இதன் மறுபக்கத்தை நானே அனுபவித்திருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு சரக்கு இருப்பு மென்பொருளை ஏழு சேவைகளாகப் பிரித்தோம். பெரிய நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன என்பதே காரணம். எங்களிடம் இருந்தது நான்கு பேர். ஒரு பில் தப்பாக வந்தால், ஏழில் எது தப்புச் செய்தது என்று தேடுவதிலேயே பொழுது போகும். பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு டீம் இருக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

நல்ல முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு 2025 மார்ச்சில் ஓர் உதாரணம் கிடைத்தது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை (நிரலைச் சரிபார்த்து ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் மென்பொருள்) கோ மொழிக்கு மாற்றுவதாக மைக்ரோசாஃப்ட்டின் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் அறிவித்தார். சி ஷார்ப் மொழியை வடிவமைத்தவர் அவர். ‘சொந்த மொழியையே நம்பவில்லையா’, ‘ஏன் ரஸ்ட் இல்லை’ என்று ஒரே சண்டை. அவர் சொன்ன காரணம் எளிமையானது. இருக்கும் நிரலை அப்படியே வரிக்கு வரி பெயர்க்க வேண்டும், புதிதாக எழுதக் கூடாது. பழைய நிரலின் அமைப்புக்குக் கோ நெருக்கமாக இருந்தது. ஒன்றையொன்று சுற்றிச் சுட்டும் தரவு அமைப்புகள் நிறைய இருந்ததால் கார்பேஜ் கலெக்டரும் தேவைப்பட்டது. நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் மென்பொருளின் சுமார் 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆன இடத்தில் 7.5 விநாடி போதும் என்றானது. ஒரு டீமைத் திணறவைத்த அதே கார்பேஜ் கலெக்டர், இன்னொரு டீம் கோ மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

கருத்தின் வருடத்தைப் பார்க்காமல் விடுவது

இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஎச்பி மொழி பற்றிய குறைகளில் பாதி, 2015 டிசம்பருக்கு முந்தைய குறைகள். அந்த மாதம் வெளிவந்த பிஎச்பி 7, முந்தைய பதிப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. பிறகு வகைக் குறிப்புகளும் படிப்படியாகக் கூடின. விக்கிப்பீடியா இன்றும் பிஎச்பியில்தான் ஓடுகிறது. ஒருவர் ஒரு மொழியைத் திட்டினால், எந்த வெர்ஷனில் கடைசியாக எழுதினீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இதில் நமக்கே உரிய ஒரு பாடமும் இருக்கிறது. 2008ல் பைத்தான் 3 வந்தபோது, பழைய நிரல்களை உடைத்துவிட்டார்கள் என்று உலகம் முழுவதும் புகார். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று நிற்கும் வரைக்கும் அந்தப் புகார் ஓயவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்கு அது வீண் தொந்தரவாகத் தெரிந்திருக்கலாம். தமிழில் தரவு வைத்திருக்கும் நமக்கு? பைத்தான் 2-ல், எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில், ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும். ஒவ்வொரு யூனிகோட் குறிக்கும் 3 பைட். பைத்தான் 3-ல் 5 என்று வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதற்காக நீளம் காண்பது தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். ஸ்விஃப்ட் மொழியும் 3 என்றே சொல்கிறது. கோ, ரஸ்ட் இரண்டும் இயல்பாக 15 என்று பைட் கணக்கைச் சொல்கின்றன.

எது சரி? சேமிக்க எவ்வளவு இடம் என்றால் 15, பெயர்ப்பெட்டியில் எத்தனை எழுத்துக்கு இடம் தருவது என்றால் 3. ‘இந்த மொழியின் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடரைக் கையாளும் விதம்) மோசம்’ என்று யாராவது சொன்னால், அவர் எந்த எழுத்தில் எழுதுகிறவர் என்பதும் அந்தக் கருத்தின் ஒரு பாகம். புள்ளி தனியாகவும் எழுத்து தனியாகவும் வெட்டுப்பட்ட தமிழ்ப் பெயர்களை எத்தனையோ படிவங்களில் பார்த்து நொந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதல் நாள் செய்தியை முழுக்க நம்புவது

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு அப்டேட் அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று பரவியவை: ‘சைபர் தாக்குதல்’, ‘மைக்ரோசாஃப்ட் விழுந்தது’, ‘சி++ மொழியின் நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத வெற்று முகவரி)தான் காரணம்’. தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. அதற்குச் சில மணி நேரம் முன்பு மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் என்ற கிளவுட் சேவையில் வேறொரு தடங்கல் நடந்திருந்ததால் இரண்டும் ஒன்றாகக் குழம்பின. நல் பாயிண்டர் விளக்கமும் தவறு. ஆகஸ்ட் 6 அன்று அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில்தான் விவரம் வந்தது. ஒரு பக்கம் 21 மதிப்புகளை எதிர்பார்த்தது, நிரல் கொடுத்தது 20 மட்டும். இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய், நினைவக எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த நிரல் கெர்னல் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள் ஓடியதால் கணினியே நின்றது. அப்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிப் பார்க்காமல் எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது இன்னொரு பெரிய காரணம். நாம் நம் மென்பொருளில் கற்றுக்கொள்ள வேண்டியது அதுதான். முதல் நாள் பேச்சில் அதற்கு இடமே கிடைக்கவில்லை.

பிரபலம் பற்றிய பட்டியல்களுக்கு ஒரு பத்தி போதும். டியோபி பட்டியல் தேடுபொறிகளில் ஒரு மொழியின் பெயருக்கு எத்தனை முடிவுகள் வருகின்றன என்று எண்ணுகிறது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கருத்துக்கணிப்பில் ரஸ்ட் 2016 தொடங்கிப் பல வருடங்கள் முதலிடம் பிடித்தது. அது, ஏற்கெனவே ரஸ்ட்டில் எழுதுபவர்களில் எத்தனை பேர் அதைத் தொடர விரும்புகிறார்கள் என்பதற்கான இடம். 2023ல் ரஸ்ட் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள் சுமார் 13 சதவீதம். உங்கள் ஊரில் வேலை கிடைக்குமா என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. அதற்கு வேலை விளம்பரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

சொந்த அனுபவத்தை அளக்காமல் நம்புவது

இப்போது எல்லாரும் கேட்பது ஏஐ பற்றி. எழுதும் வேகம் கூடுமா? 2025 ஜூலையில் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. நன்கு பழகிய திறந்தமூலத் திட்டங்களில் வேலை செய்யும் 16 அனுபவசாலிகள், 246 வேலைகள். சிலவற்றுக்கு ஏஐ கருவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கருவி இருந்தால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று தொடங்கும் முன் நினைத்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். அளந்து பார்த்தபோது 19 சதவீதம் அதிக நேரம் ஆகியிருந்தது.

‘ஏஐ வேகத்தைக் குறைக்கிறது’ என்று இதையும் ஒற்றை வரியாக்கிவிட்டார்கள். பல வருடம் பழகிய பெரிய நிரல்தொகுப்பு, 2025 தொடக்கத்துக் கருவிகள், 16 பேர் என்ற எல்லைகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். புதிய மொழியைக் கற்கும் என் மாணவருக்கு அதே முடிவு வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்தது வேறு: வேலையை முடித்த பிறகும் அவர்களுக்குத் தங்கள் வேகம் தெரியவில்லை.

அந்த ஆய்வைப் படித்ததிலிருந்து மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வேலையைத் தொடங்கும் முன் எவ்வளவு நேரம் ஆகும் என்று எழுதுவேன், கருவி பயன்படுத்தினேனா என்று குறிப்பேன், முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து உண்மையான நேரத்தை எழுதுவேன். இந்த பேட்ச்சுக்கும் ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சோதனைத் தரவுகள் கிராம முகவரிகள், முழுக்கத் தமிழில். முதல் பக்கத்துக்கு நான் கொடுத்த வேலை, அவற்றை ஊர்வாரியாகப் பிரிக்கும் பைத்தான் நிரல்.