முதல் ஸ்கேனுக்குப் பயந்துகொண்டே போகிறீர்களா? உள்ளே நடப்பது இதுதான்

கிட்டில் இரண்டு கோடு பார்த்தாயிற்று. டாக்டரும் "ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அந்த நாள் வரைக்கும் தூக்கம் வராது. ஏற்கெனவே ஒரு கரு கலைந்தவர்களுக்கும், பல வருடம் காத்திருந்து உண்டானவர்களுக்கும் இந்த இடைப்பட்ட நாட்கள் இன்னும் கஷ்டம். எனக்கு முதல் முறை கலைந்துவிட்டது. அடுத்த முறை ஸ்கேன் அறை வாசலில் கால் நகரவே இல்லை. அதன் பிறகு நானும், என் தங்கையும், தோழிகள் சிலரும் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பயம் முழுக்கப் போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லாததால் வருகிற பயம் ஒன்று இருக்கிறது. அதைக் குறைக்கலாம்.

முதலில் ஒரு முக்கியமான விஷயம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றி மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, இதில் எது இருந்தாலும் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். கரு கருப்பைக்குள் வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் இப்படி வரலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். மற்ற எல்லோருக்கும் கீழே உள்ளது.

படி 1: நாள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

கர்ப்ப வாரம் என்பது கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவது அல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. டாக்டர்கள் "எல்.எம்.பி. என்ன?" என்று கேட்பது இந்தத் தேதியைத்தான். ஜனவரி 10 என்றால், பிப்ரவரி 28 அன்று 7 வாரம் முடியும். பிரசவத் தேதி தெரிய, அதே ஜனவரி 10-உடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் அக்டோபர் 17.

இந்தக் கணக்கு 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குப் போட்டது. உங்களுக்கு 40 நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்றால், கருமுட்டை வெளியாவதே ஏறக்குறைய 12 நாள் தள்ளி நடந்திருக்கும். காலண்டர்படி 7 வாரம் ஆகியிருந்தாலும், உள்ளே இருப்பது 5 வாரம் தாண்டிய கருதான். அதில் துடிப்பு தெரியாது. பி.சி.ஓ.டி. (சினைப்பையில் நீர்க்கட்டிகள்) உள்ளவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வீணாக நொறுங்கிப் போகிறார்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும் பழக்கம் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கருமுட்டைக்காக ஊசி, மாத்திரை எடுத்திருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள்.

வலியோ ரத்தக்கறையோ எதுவும் இல்லை, டாக்டரும் அவசரமில்லை என்கிறார் என்றால், 7 வாரம் முடிந்து போவதே நல்லது என்பது என் கருத்து. 5 வாரத்திலேயே ஆசையில் ஓடினால் பாதிக் காட்சிதான் கிடைக்கும், பயம் முழுசாகக் கிடைக்கும்.

கணக்கு வைக்க ஆப் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வாரத்துக்கு ஒரு படம் காட்டி, "இந்நேரம் இப்படி இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே கலவரப்படுத்துகிறது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்தாலே போதும்.

படி 2: கையில் எடுத்துப் போக வேண்டியவை

டாக்டரின் சீட்டு, ஆதார் போல ஓர் அடையாள அட்டை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட்கள் இருந்தால் அவையும். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவுசெய்து தரும் பிக்மி எண் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் பதிவு செய்யவில்லையென்றால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். 12 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டிய வேலை அது.

கவுன்டரில் 'எஃப்' படிவம் என்று ஒன்று நிரப்புவார்கள். சிசுவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இது கட்டாயம். "பாலினத்தைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை" என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே பிறந்த குழந்தைகளைப் பற்றி "எத்தனை குழந்தை? ஆணா, பெண்ணா?" என்றும் கேட்பார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதைச் சத்தமாகக் கேட்கும்போது, குழந்தையை இழந்தவர்களுக்கு மனசு கனத்துப் போகும். முன்பு எத்தனை முறை உண்டானது, என்ன ஆயிற்று என்பதை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய், "இதுல எல்லாம் இருக்கு சிஸ்டர்" என்று நீட்டிவிடுங்கள். வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வராது.

உடை மேல் பாதி, கீழ் பாதி என்று தனித்தனியாக இருக்கட்டும். சுடிதார் வசதி. ஒரே துணியாக இருக்கும் நைட்டியோ கவுனோ வேண்டாம், வயிற்றைக் காட்ட மொத்தத்தையும் தூக்க வேண்டி வரும்.

படி 3: தண்ணீர் குடிப்பதா, வேண்டாமா?

வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதென்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பிறப்புறுப்பின் உள்வழியாகப் பார்ப்பதென்றால் காலியாக இருக்க வேண்டும். 8 வாரத்துக்கு முன் பெரும்பாலும் உள்வழிதான் தெளிவாகத் தெரியும். எது என்று நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தெரியாமல் போனால் நிறைத்துக்கொண்டு போவதே மேல். காலி செய்ய இரண்டு நிமிடம் போதும், நிரப்ப ஒரு மணி நேரம் வேண்டும்.

உள்வழி ஸ்கேன் என்றதும் நிறையப் பேர் பின்வாங்குகிறார்கள். "குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்று மாமியார், அம்மா எல்லோருமே கேட்பார்கள். ஆகாது. விரல் பருமனை விடக் கொஞ்சம் தடிமனான ஒரு கருவி, அதன் மேல் புதிய ஆணுறை மாட்டி ஜெல் தடவுவார்கள். அது கருப்பை வாய்க்கு முன்னாலேயே நின்றுவிடும், கருவைத் தொடாது. இதனால் கரு கலைவதில்லை. எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சும் இதில் கிடையாது, வெறும் ஒலி அலைதான். ஆண் டாக்டராக இருந்தால் கூட ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வலித்தால் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

படி 4: அந்த அமைதி

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்னையும், என்னிடம் பேசிய பலரையும் கலங்கடித்தது இதுதான்.

விளக்கு மங்கலாக இருக்கும். ஏசி குளிரும். நீங்கள் படுத்ததும் ஜெல் சில்லென்று விழும். திரை டாக்டர் பக்கம் திரும்பியிருக்கும். அவர் ஒன்றுமே பேசமாட்டார். டிக், டிக் என்று பட்டன் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஏதோ எண்களைச் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் எதையாவது படிக்க முயல்வீர்கள். ஒன்றும் தெரியாது. "ஏதோ இருக்கு, அதான் பேசமாட்டேங்கிறாரு" என்று மனசு முடிவே கட்டிவிடும்.

அந்த நேரத்தில் அவர் செய்வது அளப்பது. கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, உச்சி முதல் பிட்டம் வரை எவ்வளவு நீளம், துடிப்பு எத்தனை, இரண்டு பக்கச் சினைப்பைகளும் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் படத்தை நிறுத்தி நிறுத்திக் கோடு போடுகிறார். 7 வாரத்தில் கரு மொத்தமே சுமார் 10 மி.மீ.தான். ஒரு மி.மீ. தவறினாலும் நாள் கணக்கு மாறும் என்பதால் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போதும் இதே அமைதிதான்.

சத்தம் கேட்கவில்லை என்பதும் ஒரு பயம். சினிமாவில் லப்டப் என்று கேட்கும், இங்கே கேட்கவில்லையே என்று. ஆரம்ப வாரங்களில் டாப்ளர் சத்தத்தைப் போடாமல் தவிர்ப்பதே சரியான நடைமுறை, அதில் கருவின் மேல் விழும் சக்தி கூடுதல். அதற்குப் பதிலாகத் திரையின் கீழ்ப்பகுதியில் அலை அலையாக ஒரு கோடு ஓடும், அதை வைத்தே துடிப்பை எண்ணிவிடுவார்கள். சத்தம் வரவில்லை என்றால் துடிப்பு இல்லை என்று அர்த்தமில்லை.

இனி செய்ய வேண்டியது. ஸ்கேன் தொடங்குவதற்கு முன், படுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், எனக்கு ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சிருக்கு, ரொம்பப் பயமா இருக்கு. துடிப்பு தெரிஞ்சதும் அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க. அப்புறம் மெதுவா அளந்துக்கோங்க." நான் சொன்னபோது, அதுவரை இறுக்கமாக இருந்த அந்த டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். எல்லோரும் இப்படிச் செய்வார்கள் என்று உறுதி தர முடியாது. ஆனால் கேட்டால் பலர் செய்கிறார்கள், கேட்காவிட்டால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. கணவரை உள்ளே விடுவார்களா என்பதையும் கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறும்.

படி 5: "பத்து நாள் கழிச்சு வாங்க" என்றால்

ஆரம்பக் கருவில் எல்லாம் ஒரே நாளில் தெரியாது. 5 வாரத்தை ஒட்டி நீர்ப்பை தெரியும். அடுத்து அதற்குள் மோதிரம் போல ஒரு சிறு வட்டம், யோக் சேக் என்பார்கள். 6 வார வாக்கில்தான் கருவும் துடிப்பும். நீங்கள் போன நாள் இதில் எந்த இடத்தில் விழுகிறதோ, அவ்வளவுதான் தெரியும்.

துடிப்பு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து நல்ல டாக்டர் யாரும் "வளரவில்லை" என்று சொல்லிவிடமாட்டார்கள். உள்வழி ஸ்கேனில் கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது நீர்ப்பையின் சராசரி அளவு 25 மி.மீ. எட்டியும் உள்ளே கரு இல்லை என்றால்தான் அந்த முடிவுக்குப் பக்கத்திலேயே போவார்கள். அப்போதும் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லி, அல்லது ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதிசெய்ய நீங்கள் கேட்கலாம். அதற்கு முன் கருவை வெளியேற்றும் மாத்திரை போட அவசரப்பட வேண்டாம்.

திரும்ப வரச் சொன்னால் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். இன்று அளவுப்படி எத்தனை வாரம்? அடுத்த முறை என்ன தெரிய வேண்டும்? அதற்குள் என்ன அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அந்த நாட்களைக் கடத்திவிடலாம். என்னையும் அப்படித் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் வாந்தி நின்றுபோனது, "போச்சு" என்றே நினைத்தேன். வாந்தி கூடுவதும் குறைவதும் கருவின் நிலையைச் சொல்லாது. அடுத்த ஸ்கேனில் துடிப்பு இருந்தது.

எல்லோருக்கும் அப்படி அமையாது என்பதும் எனக்குத் தெரியும். கலைந்துவிட்டது என்று சொன்னால் அது நீங்கள் மாடிப்படி ஏறியதாலோ, பப்பாளி தின்றதாலோ, வண்டியில் போனதாலோ அல்ல. ஆரம்பத்தில் கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறுதான் காரணம். யார் வேறு மாதிரிச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

படி 6: ரிப்போர்ட்டை வீட்டில் படிக்கும்போது

ரிப்போர்ட்டைக் கூகுளில் போடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் அடிக்கடி பயமுறுத்தும் வார்த்தைகள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 'கார்பஸ் லூட்டியம் சிஸ்ட்' என்பது கருமுட்டை வெளியான இடம், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைச் சுரப்பது, தானாகச் சுருங்கிவிடும். 'ரெட்ரோவெர்ட்டட் யூட்ரஸ்' என்றால் கருப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, பல பெண்களுக்கு இயல்பே அப்படித்தான். 'சப்கோரியானிக் ஹெமரேஜ்' என்றால் நீர்ப்பைக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறது. சிறியதாக இருந்தால் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும், ஆனால் டாக்டர் சொல்லும் மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

துடிப்பு 6 வாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 110 இருக்கும், 9 வார வாக்கில் 170 வரை ஏறும், பிறகு மெல்ல இறங்கும். "140-க்கு மேல என்றால் பெண் குழந்தை" என்பதில் உண்மை கிடையாது.

ரிப்போர்ட்டில் புதிய பிரசவத் தேதி இருந்தால், எதைப் பின்பற்றுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு அதையே காலண்டரில் மாற்றி எழுதுங்கள். குழந்தைக்குக் குரோமோசோம் குறை இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்க அடுத்து வரும் என்.டி. ஸ்கேனுக்கு இது மிக முக்கியம். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் அதை எடுக்க முடியும், பிறகு எடுத்தால் அளவு செல்லாது. குழந்தையின் கழுத்துக்குப் பின்புறம் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமனை அளப்பார்கள். குழந்தை சரியாகத் திரும்பிப் படுக்காவிட்டால் "இருமுங்க", "ஒரு பக்கம் திரும்புங்க", "கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்பார்கள். இரண்டு மூன்று முறை உள்ளே கூப்பிட்டால் பதற வேண்டாம், படம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கூடவே எடுக்கும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை ஆபத்து எவ்வளவு என்ற கணக்கை மட்டும்தான் தரும். 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் குழந்தைக்குக் குறை உறுதி என்று பொருளல்ல, அடுத்த பரிசோதனை தேவை என்று பொருள்.

பின்னர் சேர்த்தது

துடிப்பை வீட்டிலேயே கேட்கும் சின்ன டாப்ளர் கருவி வாங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். 12 வாரத்துக்கு முன் அதில் பெரும்பாலும் ஒன்றும் கேட்காது, நள்ளிரவில் தேடித் தேடிப் பயம்தான் மிஞ்சும். பிற்பாடு உங்கள் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஸ்கேன் படம் சில மாதத்தில் வெளிறிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வெப்பத்தில் அச்சாகும் தாள், வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் மங்கும். லேமினேட் செய்தால் மொத்தமும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஃபோனில் ஒரு படமும், கடையில் ஒரு ஜெராக்ஸும் எடுத்து ஃபைலில் வையுங்கள்.