அப்பாவோடு சிங்கப்பூர் ஆற்றோரம் நடப்பது எப்படி

ஊரிலிருந்து அப்பா வரும்போதெல்லாம் நாங்கள் தவறாமல் போகிற இடம் சிங்கப்பூர் ஆறு. அவருக்கு 74 வயது, முழங்காலில் தேய்மானம். ஆற்றோரப் பாதை சமதளம், கட்டணம் கிடையாது, உட்கார இடம் உண்டு. அவருக்கு இது போதும்.

முதல் தடவை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். காலை 11 மணிக்கு, ஆறு கடலில் சேரும் இடத்திலுள்ள மெர்லயன் சிங்கச் சிலையில் தொடங்கி மேல்நோக்கி நடந்தோம். உச்சி வெயில், கால் வைத்த கல்லெல்லாம் சூடு. அவருக்கு நான் புதிதாக வாங்கித் தந்த ஷூ வேறு கடித்துவிட்டது. பாதி வழியில் ஒரு தூணின் நிழலில் உட்கார்ந்து, "ஏம்மா, இதுக்கு வீட்டிலயே இருந்திருக்கலாமே" என்றார். நியாயம்தான்.

அதனால் திசையை மாற்றுங்கள். மேலே தொடங்கிக் கடல் பக்கம் இறங்கி வாருங்கள். கிரேட் வோர்ல்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் மாலை 5.30 மணிவாக்கில் இறங்கினால், நடையைத் தொடங்கும் கிம் செங் பாலம் பக்கம்தான். இங்கே வருடம் முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் பொழுது சாயும். வெயில் முதுகுப் பக்கம் இருக்கும், முகத்தில் அடிக்காது. மொத்தம் மூன்று கிலோமீட்டர் சொச்சம். "மூணு கிலோமீட்டர்ல ஒரு ஆறா? நம்ம ஊர்ல வாய்க்கால் இதைவிட நீளம்" என்றார் அப்பா. நீளத்தில் தோற்றாலும், தண்ணீர் இருக்கிறதே! உட்கார்ந்து உட்கார்ந்து போனால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பழகிய செருப்பு, தண்ணீர், மடக்குக் குடை. மழை சொல்லிக்கொண்டு வராது. கொஞ்சம் முறுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள், வழியிலுள்ள ராபர்ட்சன் கீ (கீ என்றால் படகுத்துறை) கடைகளில் ஒரு காப்பியின் விலையைக் கேட்டு அப்பா மெனு அட்டையை மூடி வைத்துவிட்டார்.

வடகரையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ராபர்ட்சன் கீ பக்கம் மரநிழல் அதிகம், கூட்டம் குறைவு. அங்கே நின்று பார்க்க வேண்டியது ஆல்காஃப் பாலம். பழைய சரக்குப் படகின் வடிவில் கட்டி, மேலே 55 வண்ணங்களைத் தீட்டியிருக்கிறார்கள். கிளார்க் கீயில் இரைச்சல் அதிகம், நாங்கள் அங்கே நிற்பதில்லை. தாண்டியதும் பல வண்ணப் பலகணிகளோடு ஒரு பெரிய கட்டடம் வரும். 1934இல் கட்டிய பழைய போலீஸ் நிலையம். 927 ஜன்னல்களாம். அப்பா எண்ண ஆரம்பித்து, இரண்டாவது மாடியிலேயே கணக்கை விட்டார்.

பாதை சில பாலங்களுக்கு அடியில் குனிந்து போகும். முழங்கால்காரர்களை அங்கே அவசரப்படுத்த வேண்டாம்.

அப்புறம், இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலை. படமெடுக்கிற கூட்டம் விலகும்வரை எதிர்க்கரையைப் பாருங்கள், போட் கீயின் தாழ்ந்த ஓட்டு வீடுகள், அவற்றுக்குப் பின்னால் வங்கிக் கோபுரங்கள். இந்த ஆற்றில் ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வழி தெரிய வேண்டும் என்று முகப்பில் கண் வரைந்திருப்பார்கள். நாற்றமும் அப்படியே. 1977இல் தொடங்கிய துப்புரவு வேலைக்குப் பத்து வருடம் பிடித்தது. 2008இல் கடல்வாயில் மரினா அணை வந்தபின் இது நன்னீர்த் தேக்கம், முன்புபோல ஏற்றவற்றம் இல்லை.

அடுத்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம், வட்டித்தொழில் செய்த செட்டியார்களில் தொடங்கி இன்றைய நிதித்துறை ஆட்கள்வரை காட்டும் வெண்கலச் சிலைத் தொகுதி ஒன்று இருக்கிறது. நாங்கள் அதிக நேரம் உட்கார்வது அங்கேதான். செட்டிநாட்டுத் தேவகோட்டைக்காரரான அப்பா, செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கி பற்றிக் கேட்டே வளர்ந்தவர். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் எதிர்க்கரையில், சற்று உள்ளே இருந்தன. அவை 1970களின் கடைசியில் இடிபட்ட கதையைச் சொன்னதும் அவர் நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரோட பெட்டகமெல்லாம் அங்க இருந்துச்சோ" என்றார்.

இனி கேவனா பாலத்தில் ஏறிக் கரை மாறுங்கள். வண்டி கிடையாது, நடப்பவர்களுக்கு மட்டும். முனையிலுள்ள பழைய பலகையைப் படிக்காமல் போகாதீர்கள்: பாரத்தோடு 3 அந்தர் எடைக்கு, அதாவது ஏறக்குறைய 152 கிலோவுக்கு, மேற்பட்ட வண்டியும், மாடும் குதிரையும் போகக்கூடாது. "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தா தாங்குமா?" என்று கேட்டார் அப்பா. நான் பதில் சொல்லவில்லை. அக்கரையில் ஆற்றில் குதிக்கிற ஐந்து சிறுவர்களின் சிலை, பக்கத்தில் 1928இல் கட்டிய புல்லர்ட்டன் கட்டடம், முன்பு அது தலைமைத் தபால் நிலையம்.

மெர்லயன் அங்கிருந்து சில நிமிடம். கால் வலித்தால் விட்டுவிடலாம், தபால் அட்டையில் பார்த்த அதே சிங்கம்தான். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்துக்கு 7.30 மணிக்கு மேல் போனால் அலுவலகக் கூட்டம் கொஞ்சம் வடிந்திருக்கும்.

ரயிலுக்குள் மட்டும் முறுக்குப் பையைப் பிரிக்காதீர்கள், அங்கே சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.