மரம் வெட்டும் கூலியைக் கணிப்பது எப்படி?

மரத்தின் உயரத்தை மட்டும் வைத்துக் கூலியைக் கணிக்க முடியாது. திறந்தவெளியில் நிற்கும் நெடிய மரத்தை அடியில் அறுத்து ஒரேயடியாகச் சாய்த்துவிடலாம். ஆனால், கூரைக்கும் மின்கம்பிக்கும் இடையே நிற்பது குட்டை மரமே ஆனாலும், ஒருவர் மேலேறி ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி அறுக்க, கீழே நிற்பவர் அதை மெல்ல இறக்க வேண்டியிருப்பதால், ஆட்களும் நேரமும் கூடிக் கூலியும் ஏறிவிடும். பட்டுப்போன மரமென்றால் மலிவாக முடியும் என்று எண்ண வேண்டாம்; உளுத்த கிளை ஏறுபவரின் எடையைத் தாங்காதென்பதால் கிரேன் தேவைப்படலாம்.

மரம் வெட்டுபவரை, மரத்தை நேரில் பார்த்த பிறகே மதிப்பீட்டைச் சொல்லச் செய்து, அதை எழுத்தில் பெறுங்கள். அவரிடம் காப்பீடு உள்ளதா என்றும் கேளுங்கள். கழிவை அகற்றுவதும் அடிக்கட்டையைத் தோண்டியெடுப்பதும் பெரும்பாலும் தனிக் கணக்கு. பிற்பாடு தகராறு வருவதும் அங்கேதான்.