மேட்ச் பாக்க ஊருக்குப் போறவங்களுக்கு

ஜூன் 11லேந்து ஜூலை 19 வரைக்கும் ஃபுட்பால் வேர்ல்டு கப், ஃபைனல் சமயத்துல பசங்களுக்கும் லீவு, அதனால ஊருக்குப் போயி சொந்தக்காரங்களோட உக்காந்து பாக்கலாமான்னு பாரிஸ்ல என்னத் தெரிஞ்ச நாலஞ்சு பேரு கேட்டுட்டாங்க. 2022 ஃபைனல நான் பாண்டிச்சேரில பாத்தேன்னு அவங்களுக்குத் தெரியும், எந்த லட்சணத்துல பாத்தேன்னு தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு டிக்கெட் போடுங்க.

மொதல்ல நேரம். கத்தார்ல நடந்தப்ப ஃபைனல் நம்மூரு டைம் ராத்திரி 8:30க்கு, டிபன முடிச்சுட்டு உக்காந்தா சரியா இருந்துச்சு. இந்த தடவ நியூ ஜெர்சில, அங்க ஞாயித்துக்கெழம மத்தியானம் 3 மணி, நமக்கு ராத்திரி 12:30, அதாவது தேதி ஜூலை 20 ஆயிடும். ரூம் போடும்போது இதுல கொழம்பாதீங்க, ஞாயிறு ராத்திரிக்கு ரூம் வேணும். பெரிய ஸ்க்ரீன் போடுறேன்னு சொல்ற ஓட்டல்காரங்ககிட்ட அந்த நேரத்துக்குத் தொறந்திருப்பீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. என்னக் கேட்டா டிவி கனெக்‌ஷன் உள்ள வீடா ரெண்டு நாளைக்கு எடுக்கறது நல்லது. ஃபோன்ல ஓட்டறது டிவிக்கு அரை நிமிஷம் பின்னாடி வரும், பக்கத்து வீட்டுக்காரன் கத்தினதுக்கு அப்புறம் உங்களுக்கு கோல் வந்தா அதுல என்ன இருக்கு.

கார் நீங்க ஓட்டாதீங்க. இன்டர்நேஷனல் பெர்மிட் வச்சிருந்தாலும் வேண்டாம், கடலூர் பாண்டி ரோட்டுல எதிர்ல வர்ற பஸ்ஸுக்கு உங்க பெர்மிட் தெரியாது. ஒரு ஆக்டிங் டிரைவர் போட்டுக்குங்க, பேட்டா குடுங்க, நிம்மதியா இருங்க. பிச்சாவரம் போகணும்னா காலைலயே போயிடுங்க, லேட்டா போனா போட்டுக்கு நிக்கற வரிசையிலயே வெயில் ஏறிடும். ஞாயித்துக்கெழம பாண்டில காந்தி வீதி பக்கம் காரை விடாதீங்க, சண்டே மார்க்கெட். பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க, அந்தப் பக்கம் ரூம்னா அதுக்கு முன்னாடி போய்ச் சேருங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட்டுன்னா லாட்ஜ்காரங்க உங்க விவரத்த ஒரு பாரத்துல அரசாங்கத்துக்கு அனுப்பணும் (2022ல அதுக்குப் பேரு பாரம் சி), சின்ன லாட்ஜ்காரங்க அந்தத் தொல்லைக்கு பயந்தே ரூம் இல்லன்னுடுவாங்க, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின நம்மாளுங்களுக்கு இந்தியா குடுக்கற கார்டு) இருந்தாலும் இதே கதைதான், புக் பண்றப்பவே சொல்லிடுங்க. திரும்பி வரும்போது டிக்கில பாட்டில் வேண்டாம். ஆல்பேட்டை செக்போஸ்ட்ல எங்க மச்சான் முழிச்ச முழிய நான் பாத்திருக்கேன்.

இப்ப விஷயத்துக்கு வரேன்.

2022 டிசம்பர், ஃபைனலுக்கு முந்தின வியாழன் ராத்திரி சென்னைல எறங்கி, வெள்ளி விடியக்காலை கடலூர் புதுப்பாளையம் வீட்டுக்கு வந்து சேர்றோம். மார்கழி ஒண்ணாம் தேதி, தெருவுல பூசணிப்பூ வச்ச கோலம், கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை, எனக்குத் தொண்டை அடச்சுக்கிச்சு. எம் பையனுக்கு 13 வயசு, பொறந்ததே பிரான்ஸ்ல, எம்பாப்பே ஜெர்சிய ஏர்போர்ட்ல போட்டவன் கழட்டல. வெள்ளி ரெஸ்ட், சனி பிச்சாவரம், ஞாயிறு பாண்டி, அக்கா குடும்பம் நெய்வேலிலேந்து அம்மாவையும் கூட்டிட்டு வந்து சேந்துக்கும், திங்கக்கெழம காலைல சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். இதுதான் பிளான். ரெண்டு மாசமா வாட்ஸப்ல பேசிப் பேசிப் போட்டது.

காப்பி டம்ளரக் கீழ வைக்கல, சித்தப்பா சொல்றாரு, "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதினோரு மணிக்கு டோக்கன் போட்டிருக்கேன், ஒரே ஒரு கையெழுத்துப்பா."

இந்த வீடு தாத்தா வாங்கினது. அப்பா பங்கை சித்தப்பா பேருக்கு விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதணும், அம்மாவும் அக்காவும் ஆறு மாசம் முன்னாடியே போட்டுக் குடுத்துட்டாங்க, நான்தான் பாக்கி. நான் மாட்டேன்னு சொல்லல. ஆனா ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, மார்கழில எவனாவது பத்திரம் பதிவானான்னு கேட்டேன். "அதான் கூட்டம் இருக்காது. வாங்குறதுக்குத்தான் நாள் பாக்கணும், விட்டுக்குடுக்கறதுக்கு என்னப்பா நாளு"ன்னாரு.

கூட்டம் இல்லதான். ஆனா சர்வர் இல்ல. பத்திரம் எழுதறவரோட கடைல பிளாஸ்டிக் சேர்ல ஒரு மணி வரைக்கும் உக்காந்தோம். அதுக்கப்புறம் ஆபீஸ்ல ஒரு அம்மா ஆதார் கேட்டாங்க, என்கிட்ட இல்ல, ஓசிஐ புக்க நீட்டினேன், அந்தம்மா அதைத் தலைகீழா ஒரு தடவ நேரா ஒரு தடவ பாத்துட்டு பாஸ்போர்ட்ட கேட்டாங்க. அங்கதான் மாட்டினேன். எம் பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம். வாரிசு சான்றிதழ்ல எம்பேருக்கு முன்னாடி அவர் பேரோட மொத எழுத்து இனிஷியலா இருக்கு, அவ்ளோதான். நமக்கு ரெண்டும் ஒண்ணு. ஆபீஸுக்கு அது ரெண்டு ஆளு. நோட்டரிகிட்ட ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு அஃபிடவிட் வாங்கிட்டு வாங்க, அப்படியே தாத்தா பேருல இருக்கற பட்டா காப்பி, புது வில்லங்கச் சான்றிதழ், எல்லாம் ஜெராக்ஸ் ரெண்டு செட்டு.

மூணரை மணிக்கு உள்ளேர்ந்து ஒருத்தர் டோக்கன் கூப்பிட்டாரு. எம் பேரச் சொல்லல, சர்நேமச் சொல்லிக் கூப்பிட்டாரு. எங்க அப்பா பேர ரெண்டு தடவ சத்தமா. சித்தப்பா பக்கத்துல உக்காந்து தினத்தந்தி படிச்சிட்டிருந்தவரு சடார்னு நிமிந்து வாசலப் பாத்தாரு. நான் எந்திரிச்சுப் போகவே கொஞ்ச நேரம் ஆச்சு.

அஞ்சு மணிக்கு, திங்கக்கெழம வாங்கன்னுட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு ஆட்டோல வரும்போது சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், 2021 மே மாசம் அப்பா போனப்ப என்னால வர முடியல, நான் வீடியோ கால்ல பாத்தேன், கொள்ளி வச்சது சித்தப்பாதான். கடைசி மூணு வருஷம் அப்பாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலஞ்சதும் அவருதான். பங்கு கேக்கற யோக்கியதை எனக்கு இல்லன்னு ரெண்டு பேருக்குமே தெரியும், தெரிஞ்சவர் கேட்டதாலதான் இவ்ளோ எரிச்சலோ என்னமோ.

அதனால உங்களுக்குச் சொல்றது: ஊர்ல உங்க கையெழுத்துக்குக் காத்துக் கெடக்கற விஷயம் கண்டிப்பா ஒண்ணு இருக்கும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே நீங்களா கேட்டுடுங்க. பேரு வித்தியாசம் இருந்தா அஃபிடவிட் மொத வேலை. போக முடியாதவங்க இங்கயே தூதரகத்துல பவர் எழுதி அனுப்பலாம், ஊர்ல போய்ச் சேந்து 3 மாசத்துக்குள்ள அதுக்கு முத்திரைத் தீர்வை கட்டிடணும். குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அப்ப அதிகபட்சம் 25,000 ரூபா, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 4,000. 2023 ஜூலைல அதையே 40,000, 10,000ன்னு ஏத்திட்டாங்க. யாரு கட்டறதுன்னும் முன்னாடியே பேசிக்குங்க, பேசாம விட்டா நீங்கதான் கட்டுவீங்க.

சனிக்கெழம பிச்சாவரத்தப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல, தூங்கி வழிஞ்சோம். ஞாயிறு சாயங்காலம் பாண்டி. ஒரு ஓட்டல் மாடில ஸ்க்ரீன் கட்டியிருந்தாங்க, பாதி பேரு அர்ஜென்டினா, மச்சான் மரடோனா காலத்துலேந்து அந்தக் கட்சி. முன் வரிசைல ஒரு சொல்தா தாத்தா, பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவராம், வேட்டிக்கு மேல நீல ஜெர்சி, பாட்டு போட்டப்ப எந்திரிச்சு நின்னு முழுசும் பாடினாரு. எம் பையன் அவர் பக்கத்துலயே போயி உக்காந்துட்டான். பாரிஸ்ல நான் அவன மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், அங்க அவன் இப்படி ஒட்டி உக்காந்து நான் பாத்ததில்ல.

மெஸ்ஸி பெனால்டி, அப்புறம் டி மரியா, 2க்கு 0. பையன் மூஞ்சி செத்துப் போச்சு. மணி பத்தைத் தாண்டி சித்தப்பா நம்பர் வருது. அவரு ஒம்போது மணிக்கே படுத்துடற ஆளு. ராத்திரில அந்த நம்பர் வந்தா என்னால எடுக்காம இருக்க முடியாது, அப்பா விஷயமும் அப்படித்தான் வந்துச்சு. படிக்கட்டுல எறங்கி தெருவுக்கு வந்து எடுத்தேன்.

"நோட்டரி காலைல ஒம்போதுக்கே வரச் சொல்லிட்டாரு, ஃபோட்டோ ரெண்டு எடுத்துட்டு வந்துடு."

மேல ஒரு பெரிய சத்தம். சரி மூணாவது வாங்கிட்டோம்னு நெனச்சேன். சித்தப்பா எந்த ஸ்டுடியோ எத்தன மணிக்குத் தொறக்கும்னு சொல்லிட்டிருக்காரு, திரும்ப ஒரு சத்தம், மொதல விடப் பெருசா. 97 செகண்டுல எம்பாப்பே ரெண்டு கோலு. நான் மேல ஏறி வந்தப்ப எம் பையன் அந்த சொல்தா தாத்தாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழறான் சிரிக்கறான், என்னப் பாத்து, "பாத்தீங்களாப்பா?"ன்னான். பாத்தேன்னு சொல்லிட்டேன். அவன் நம்பல.

எக்ஸ்ட்ரா டைம் முழுக்க ஃபோன சைலன்ட்ல போட்டுத் தொடைக்கு அடில வச்சுக்கிட்டேன். 3க்கு 3. எங்க கோலோ முவானி கடைசி நிமிஷத்துல தனியா வந்து அடிச்சத அர்ஜென்டினா கீப்பர் மார்டினெஸ் காலால தடுத்தப்ப தாத்தா தலைல கை வச்சுக்கிட்டாரு, பெனால்டில 4க்கு 2ன்னு போச்சு. மச்சான் மொட்டை மாடிலயே ஆடினாரு. பையன் ரூமுக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கல.

திங்கக்கெழம போட் ஹவுஸ் போச்சு. எட்டு மணிக்குக் கடலூர் வந்து, ஃபோட்டோ, நோட்டரி, டோக்கன். ரேகை மெஷின் எம் கட்டைவிரல நாலு தடவ எடுக்கல, அந்தம்மா "ஈரமா இருக்கு சார், தொடைங்க"ன்னாங்க, சித்தப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவரே தொடச்சு விட்டாரு. பன்னெண்டு மணிக்கு முடிஞ்சுது.

ஜூலைக்கு எங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு, ஃபைனல் இந்த தடவையும் பாண்டிதான், பையன்தான் கேட்டான். போன வாரம் சித்தப்பா ஃபோன் பண்ணினாரு. வீடு முடிஞ்சுது, வண்டிப்பாளையம் மனை ஒண்ணு அப்படியே கெடக்காம், எப்பப்பா வரேன்னு கேட்டாரு. ஜூலை நடுவுலன்னேன்.

"ஆடியா, நல்லதாப் போச்சு, கூட்டம் இருக்காது."