மனிசி ஓடத் தொடங்கினால்: வீட்டில் நிற்பவருக்கான செய்முறை

என் மனிசி நாற்பது வயதில் ஓடத் தொடங்கினாள். முதல் வாரம் மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தை ஒருமுறை கடந்து திரும்புவதற்குள்ளேயே மூச்சு வாங்கியது. (1924இல் திறந்த அந்தப் பாலத்துக்கு ஓர் ஆளுநரின் மனைவி பெயர்தான் வைத்தார்கள்: லேடி மன்னிங். சகுனம் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.) இப்போது அரை மரதனுக்கு, அதாவது 21.1 கிலோமீற்றருக்குப் பயிற்சி எடுக்கிறாள்.

நான் பஸ் பிடிக்கக்கூட ஓட மாட்டேன். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓடுவது கணவன் என்றாலும் இதே முறைதான். ஆனால் அந்த வீடுகளில் பாதி வேலையை மனைவிமார் சொல்லாமலே செய்துகொண்டிருப்பார்கள்.

1. விடியற்காலை அடுப்படியை உங்கள் கைக்கு எடுங்கள்

இதுதான் முக்கியம். மட்டக்களப்பில் சூரியன் ஆறு மணியளவில் எழும்பிவிடும். ஏழரைக்கு வெயில் சுடும். ஆகவே ஓட்டத்துக்கு மிச்சம் இருப்பது நாலரைக்கும் ஆறரைக்கும் இடைப்பட்ட நேரம். தேங்காய் துருவுவதும் பிள்ளைகளை எழுப்புவதும் பள்ளிக்கூடச் சாப்பாடு கட்டுவதும் அதே நேரத்தில்தான். "நீ போய் ஓடு, நான் தடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பது ஆதரவு ஆகாது.

முதல்நாள் இரவே சீருடையை அழுத்தி வையுங்கள், மாவை வறுத்து வையுங்கள். இரண்டு சாப்பாடு பழகினால் போதும். நான் பிட்டும் சம்பலும் பழகினேன். முதல் நாள் தண்ணீர் கூடி, பிட்டு களியாகிவிட்டது. அதைப் பார்த்த என் அம்மா, "என்ன மகன், மனிசி ரோட்டுல ஓடுது, நீ பிட்டு அவிக்கிறியா?" என்றார். அப்புறம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது" என்றார். அத்தோடு அந்த வழக்கு முடிந்தது.

2. சப்பாத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்

உடுப்பு எதுவானாலும் சரி, சப்பாத்து சரியாக இருக்க வேண்டும். பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும். நுனியில் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்து விழும். 500 முதல் 800 கிலோமீற்றருக்குள் அடிப்பாகம் சப்பையாகிவிடும். அதனால் எவ்வளவு ஓடினாள் என்பதைக் கலண்டரில் நீங்களே எழுதி வையுங்கள்.

3. சைக்கிளில் பின்னால் போங்கள்

நீண்ட ஓட்டம் வாரத்தில் ஒருநாள்தான். அன்று பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு நான் சைக்கிளில் போவேன், ஐம்பது மீற்றர் பின்னால். பக்கத்திலேயே போனால் காவல் போடுவது மாதிரி இருக்கிறதாம்.

எங்கள் பக்கத்தில் வாகனத்தைவிடக் கட்டாக்காலி மாடுகளுக்குத்தான் பயப்பட வேண்டும். சூடு ஆறாத தாரில் இருட்டோடு இருட்டாகப் படுத்திருக்கும். ஒரு டோர்ச் லைட் கட்டாயம் வேண்டும். நாய் துரத்தினால் ஓடாமல் நடக்கச் சொல்லுங்கள். வலப்பக்கமாக ஓடினால் எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும். கடற்கரை மணல் அழகுதான், ஆனால் சரிவான மணலில் நெடுந்தூரம் ஓடினால் கணுக்காலும் முழங்காலும் நோகும்.

ஆண்டு நடுவில் கச்சான் காற்று அடிக்கும்போது கவனம். காய்ந்த சூட்டுக் காற்று என்பதால் வியர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. மாரி மழையில் வீதி வெள்ளம் பள்ளத்தை மறைக்கும், அன்று படுத்துத் தூங்கட்டும்.

4. தண்ணீரும் உப்பும்

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. அதற்காக வெறும் தண்ணீரைப் போத்தல் போத்தலாகத் திணிக்கக்கூடாது. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலையிடி, வாந்தி, தடுமாற்றம் வரும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே அது மட்டும் போதாது. நான் ஒரு போத்தலில் தண்ணீரும், மற்றதில் பைக்கற்றில் சொன்ன அளவுப்படி கரைத்த ஜீவனியும் (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) கொண்டுபோவேன். ஒன்றரை மணிநேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. கதலிப்பழமும் பேரீச்சம்பழமும் இவளுக்கு ஒத்துக்கொண்டன. போட்டியன்று புதிதாக எதையும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று: சாப்பிட்ட கையோடு பிளேன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஓடும் பெண்களுக்கு அது முக்கியம். தேத்தண்ணியை ஒரு மணிநேரம் தள்ளிப் போடுங்கள்.

5. வாயைக் கவனமாகத் திறவுங்கள்

ஒருநாள் காத்தான்குடியில் பேரீச்சை மரங்கள் நிற்கும் வீதியில் களைத்து வந்தவளிடம், "இன்னும் கொஞ்சம்தான் புள்ள" என்றேன். உண்மையில் மூன்று கிலோமீற்றர் இருந்தது. அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை. மிச்சம் எவ்வளவோ அதை அப்படியே சொல்லுங்கள், தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள்.

ஆனால் பேச்சால் ஒரு பயன் உண்டு. சாதாரண ஓட்டத்தில் முழு வசனமாகப் பதில் வர வேண்டும். ஒற்றைச் சொல்லில் வந்தால் வேகம் கூடிவிட்டது. நீட்டி முழக்கித் திட்டினால் வேகம் சரி.

6. எப்போது நிறுத்துவது

தசை உளைவு சில நாளில் போய்விடும். ஒரே இடத்தில் குத்தும் வலி நாளுக்கு நாள் கூடினால் வைத்தியரிடம் போங்கள். பேச்சுக் குழறி, தள்ளாடி, உடம்பு கொதித்தால் ஒரு நிமிடமும் பார்க்காதீர்கள்: நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். நெஞ்சு வலித்தாலும் அதே இலக்கம்தான்.

7. போட்டியன்று

முடிவுக்கோட்டில் செருப்பு, காய்ந்த சட்டை, உப்புப் போட்ட கஞ்சி. வந்த உடனே உட்கார விடாமல் பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். நேரம் எவ்வளவு என்று முதலில் கேட்காதீர்கள். அடுத்த நாள் படி இறங்கவே முனகுவாள், இனி ஓட மாட்டேன் என்பாள். சரி என்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் அடுத்த போட்டி எப்போது என்று அவளே கேட்பாள். அதற்குள் தேங்காய் வாங்கி வையுங்கள்.