ஆகாய கங்கைக்கு முதன்முறை இறங்குவோர் கவனத்திற்கு

கொல்லிமலையில் ஐயாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை அருவியைக் காண, அறப்பளீஸ்வரர் கோயிலருகே தொடங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் ஏமாறுவது இங்கேதான். மற்ற மலைகளில் முதலிலேயே வரும் களைப்பு, இங்கே திரும்பும் வழியில் காத்திருக்கும்.

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துவந்த தலைசுற்றல் அடங்கும்வரை சற்று உட்கார்ந்திருந்து, வெயில் ஏறுவதற்குள் இறங்கத் தொடங்குங்கள். பாதத்தைச் சிறிது பக்கவாட்டில் திருப்பி, முழுப் பாதமும் படியில் பதியுமாறு ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கியே இறங்க வேண்டும். விறைப்பாக நீட்டிய காலில் உடல் எடை முழுவதும் விழுந்தால், பாதி வழியிலேயே தொடை நடுங்கத் தொடங்கிவிடும். அந்த நடுக்கம் தெரிந்தவுடன் திரும்பிவிடுவதில் வெட்கம் எதுவுமில்லை. ரப்பர் செருப்பு ஈரப் பாசியில் வழுக்கும் என்பதால், பிடிப்புள்ள காலணி அவசியம். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைக் குரங்குகள் விட்டுவைப்பதில்லை. தின்பண்டங்களை முதுகுப்பைக்குள் வைத்துவிடுங்கள்.

மேலே மழை பெய்தால் கீழே நீர் திடீரெனப் பெருகக்கூடும். தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், குளியலைப் பாதியில் விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள்.

ஏறும்போது ஐம்பது படிகளுக்கு ஒருமுறை நின்று, இரண்டு மிடறு தண்ணீர் குடித்து, மூச்சுவாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற நிலை வந்த பிறகே அடுத்த படியில் கால் வையுங்கள். இறங்க எடுத்ததைப் போல இரு மடங்கு நேரத்தை ஏறுவதற்கு ஒதுக்குங்கள்.