பிடுங்கிப் பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள்: நிலக்கடலை, கொத்தவரையில் செய்யும் தவறுகள்

கடலைக் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி வாடினால், கை தானாகத் தெளிப்பானைத் தேடிப் போகும். அதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி அடித்தண்டைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடத்தில் வெள்ளை நூலாகப் பூசணம் படர்ந்து, நடுவே கடுகு கடுகாக உருண்டைகள் இருந்தால் தண்டழுகல். முதலில் வெள்ளையாக இருக்கும் அந்தக் கடுகு பிறகு பழுப்பாகும். ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து அடுத்தடுத்த பயிரைப் பிடிக்கும். இளஞ்செடியின் கழுத்தில் கறுப்புப் பொடி அப்பியிருந்தால் கழுத்தழுகல். வேர்ப்பட்டை நாராக உரிந்து வந்தால் வேரழுகல். மூன்றும் மண்ணோடு சேர்ந்தவை. இலைமேல் எவ்வளவு அடித்தாலும் காசுதான் கரையும்.

குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது நோயே இல்லை. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து எட்டாமல் போவதுதான் அப்படிக் காட்டும். அதற்கும் பூசணக்கொல்லி அடிப்பவர்கள் உண்டு!

சரி, விதைக்கும் முன் விதையில் மருந்து கலக்கும் விதைநேர்த்திக்கு வருவோம். ஒரே விதையில் கார்பெண்டாசிம் என்ற பூசணக்கொல்லியையும், நோய்ப் பூசணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மாவையும் கலப்பது அடிக்கடி நடக்கிறது. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தானே? கிலோ விதைக்கு 4 கிராம் என்று வாங்கிவந்து, நாமே அதைக் கொன்றுவிடுகிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியாவைக் கடைசியாக, விதைப்பதற்குச் சற்று முன் கலந்தால் போதும்.

டிக்கா இலைப்புள்ளியில் நாள்தான் கணக்கு. பூசணம் இலைக்குள் நுழைந்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்தே புள்ளி கண்ணில் படும். மேங்கோசெப் இலையின் மேற்பரப்பைக் காக்கும் மருந்து. உள்ளே போனதைத் துரத்தாது. இலை கொட்ட ஆரம்பித்த பிறகு அடித்துவிட்டு ‘மருந்து சரியில்லை’ என்பது நியாயமில்லை. கார்பெண்டாசிமையே திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் அதற்குப் பழகிவிடும். அப்புறம், இலையைத் திருப்பி விரலால் தேய்த்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய். துரு பிடித்த இலை காய்ந்தும் செடியிலேயே தொங்கும். டிக்கா இலை உதிர்ந்துவிடும்.

மண் அணைப்பது காய்க்கு நல்லது. ஆனால் கீழ் இலைகள் புதையும்படி அணைத்தால், தண்டழுகல் பூசணத்துக்குத் தீனி போட்டதுபோல. 45 நாளுக்கு மேல் களைவெட்டியை இறக்கினால், மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுதுகளும் அறுபடும்.

கடலைக்குப் பின் கொத்தவரை போட்டுப் பயிர்ச்சுழற்சி செய்துவிட்டதாக நினைக்கிறோம். வேரழுகலைத் தரும் மேக்ரோபோமினா என்ற பூசணம் இரண்டையும் தாக்கும். அதற்கு இது இன்னொரு பந்தி, அவ்வளவுதான்.

கொத்தவரையில் இலையில் நீர்க்கோர்த்த புள்ளி, தண்டில் கறுப்புக் கோடு என்று வருவது பாக்டீரியா கருகல். கார்பெண்டாசிம் போன்ற பூசணக்கொல்லி இதைத் தொடாது. விதை வழியே வருவதால் நோய் கண்ட வயலில் விதை எடுக்கக் கூடாது. மழை ஈரம் காயாத செடிகளுக்கிடையே காய் பறிக்க இறங்கினால், நம் கையும் துணியுமே அதைப் பரப்பும்.

அறுவடைக்குப் பிறகும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது. தோல் உரிக்கச் சுலபம் என்று காய்ந்த கடலையில் தண்ணீர் தெளிப்பது. பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை வெயிலில் காயவைத்த உழைப்பெல்லாம் அந்த ஒரு குடம் தண்ணீரில் போய், அஃப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கும் பூசணத்துக்கு வழி திறக்கும்.